வண்டி யார் பெயரில்?

தோட்டப்புறங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் மாலை வேளையில் வீட்டு வாசல்தோறும் மோட்டார் சைக்கிள்கள் நிற்பதைக் காண்கிறோம். ஒரு காலத்தில் கிராணியார் வீட்டிலும் மண்டோர் வீட்டிலும் மட்டுமே காணப்பட்ட இவ்வாகனம், இன்று வீட்டுக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் பெருகிவிட்டது. செம்பனைக் காட்டில் வேலை செய்வோருக்கும், பட்டணத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் மோட்டார் சைக்கிளே கால்களாக விளங்குகிறது.

இவ்விளைஞர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “தம்பி, இந்த வண்டி யார் பெயரில் இருக்கிறது?” என்பதே அது. “அப்பா பெயரில் இருக்கிறது, தவணையை நான் கட்டுகிறேன்” என்பார் ஒருவர். “கூட்டாளியிடம் வாங்கினேன், இன்னும் பெயர் மாற்றவில்லை” என்பார் மற்றொருவர். “தெரியாது சார், வண்டி ஓடுகிறது” என்று சிரிப்பவர்களும் உளர். இச்சிறு கேள்விக்குச் சரியான விடை இல்லாத காரணத்தால் குடும்பங்கள் எத்துணைத் துன்பத்திற்கு ஆளாகக்கூடும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம்

தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் புதிய வண்டி வாங்குகிறார். பழைய வண்டியை அதே தோட்டத்து நண்பருக்கு 1,500 வெள்ளிக்கு விற்கிறார். “அண்ணே, பெயரை அடுத்த மாதம் மாற்றிக்கொள்வோம்” என்கிறார் வாங்கியவர். சரி என்று சாவி கைமாறுகிறது. அடுத்த மாதம் வரவே இல்லை. ஓராண்டில் காப்புறுதியும் காலாவதியாகிறது. பின்னர் அவ்வண்டி வேறொருவர் கைக்குப் போகிறது. அவரிடம் ஓட்டுநர் உரிமமும் இல்லை. ஒரு நாள் அந்தி நேரத்தில், தோட்டத்து முகப்புச் சாலையைக் கடந்த முதியவர் ஒருவர் மீது அவ்வண்டி மோதிவிடுகிறது. ஓட்டியவர் பயந்து ஓடிவிடுகிறார்.

போலீசார் வண்டியின் எண்ணைக் கொண்டு தேடி வரும்போது அவர்கள் தட்டுவது யார் வீட்டுக் கதவை? ஓராண்டுக்கு முன்பே வண்டியை விற்றுவிட்ட முதல் இளைஞரின் வீட்டுக் கதவையே. “நான் விற்றுவிட்டேன்” என்று அவர் சொல்லலாம். ஆயினும், விற்றதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. மறுபுறம், கால் எலும்பு முறிந்து கிடக்கும் முதியவருக்கு நட்ட ஈடு கொடுக்கக் காப்புறுதி நிறுவனமும் இல்லை. மூன்று குடும்பங்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தன. ஒவ்வொரு தாளாக எடுத்து, தவறு எங்கே நேர்ந்தது என்று பார்ப்போம்.

முதல் தாள்: பதிவுச் சான்றிதழ்

நாம் பேச்சுவழக்கில் “கிராண்ட்” என்று குறிப்பிடும் பதிவுச் சான்றிதழில் எவர் பெயர் உள்ளதோ அவரையே சட்டம் முதலில் உரிமையாளராகக் கொள்கிறது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வண்டி கைமாறினால் பதிவு பெற்ற உரிமையாளர் 7 நாட்களுக்குள் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு வண்டியைக் கொண்டு குற்றம் இழைக்கப்பட்டதாகப் போலீசார் விசாரிக்கும்போது, அதனை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தரும் கடமையும் உரிமையாளரையே சார்ந்தது. வேகக் கேமரா எடுத்த படத்திற்கான சமனும் அவர் முகவரிக்கே வரும்.

ஆகவே, விற்பவரும் வாங்குபவரும் அடையாளக் கார்டுடன் சேர்ந்தே சென்று பெயர் மாற்றத்தை முடித்தல் நலம். பெயர் மாறிய பிறகே முழுப் பணமும் சாவியும் கைமாற வேண்டும். தவிர்க்கவியலாமல் சில நாள் தாமதம் நேருமாயின், விற்ற தேதி, நேரம், விலை, இருவரின் அடையாளக் கார்டு எண், கையொப்பம் ஆகியவை அடங்கிய ஒரு தாளை எழுதி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். இது பெயர் மாற்றத்திற்கு ஈடாகாது. எனினும் வெறும் வாய்வார்த்தையைவிட மேலானது.

இரண்டாம் தாள்: காப்புறுதி

காப்புறுதி இன்றி வண்டி ஓட்டுவது குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 12 மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடும். இதனை அபராதத்திற்கு அஞ்சிச் செய்யும் காரியமாக மட்டும் கருதலாகாது. சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்புறுதி, நம்மால் காயமுறும் அல்லது உயிரிழக்கும் பிறருக்காக ஏற்பட்டது. அது இல்லையேல், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நட்ட ஈட்டுத் தொகையை ஓட்டியவரே தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிவரும். பல்லாயிரம் வெள்ளியை ஓர் இளந்தொழிலாளி எங்ஙனம் கட்டுவார்?

காப்புறுதி என்பது குறிப்பிட்ட ஒருவருக்கும் நிறுவனத்திற்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தம். வண்டியை விற்றதும் அது தானாகவே வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்துவிடாது. பழைய உரிமையாளர் பெயரிலுள்ள காப்புறுதியை நம்பி ஓட்டுபவர் விபத்துக்குள்ளானால், நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. வாங்கும் நாளிலேயே தம் பெயரில் காப்புறுதி எடுத்துக்கொள்வதே முறையாகும்.

இளைஞர் பலரும் அறியாத மற்றொரு செய்தியும் உண்டு. சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதி, வண்டியின் பின்னால் அமர்ந்து வரும் நண்பரையோ தங்கையையோ பொதுவாக உள்ளடக்குவதில்லை. அதற்குக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியே காப்புப் பெறல் வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, “பின்னால் உட்காருபவருக்குக் காப்பு உண்டா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் தாள்: ஓட்டுநர் உரிமம்

16 வயது நிரம்பியவர் மோட்டார் சைக்கிள் உரிமமும், 17 வயது நிரம்பியவர் கார் உரிமமும் பெறலாம். 250 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ‘பி2’ உரிமம் போதுமானது. உரிமமின்றி ஓட்டுபவருக்கு 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இதன் அடுத்த பகுதியாகும். உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் அதே குற்றமாகும். “கடைக்குப் போய் ஒரு கிலோ சீனி வாங்கி வா” என்று 14 வயது மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

“தோட்டத்திற்குள்தானே ஓட்டுகிறோம், இது கம்பெனி ரோடு” என்ற வாதத்தையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். இது தவறான எண்ணம். பொதுமக்கள் சென்றுவர வாய்ப்புள்ள எந்தச் சாலையும் சட்டத்தின் பார்வையில் சாலையே. கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் கடைக்கும் ஊரார் நடமாடும் தோட்டத்துச் சாலைக்கு விலக்கு உண்டு என எவரும் நம்பியிருத்தல் கூடாது.

பணவசதி இல்லாமையால் உரிமம் எடுக்காதிருப்போரும் உளர். குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்களுக்குப் ‘பி2’ உரிமம் பெற உதவும் திட்டங்களைப் போக்குவரத்து அமைச்சு நடத்தியிருக்கிறது. அத்தகைய வாய்ப்பு இப்போது திறந்துள்ளதா என்று அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் விசாரிப்பது நன்று.

நான்காம் தாள்: தவணை ஒப்பந்தம்

18 வயது நிரம்பாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவேதான் விற்பனையாளர்கள் தந்தையின் கையொப்பத்தைக் கேட்கிறார்கள். கையொப்பமிட்ட கணமே அது தந்தையின் கடனாகிறது. மகன் வேலையை விட்டு நின்றாலும், வண்டி களவு போனாலும், தவணை தந்தையையே தேடி வரும். ஜாமீன் கையெழுத்திடும் மாமாவின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

ஹயர் பர்ச்சேஸ் எனப்படும் வாடகைக் கொள்முதலில், கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி கடன் கொடுத்த நிறுவனத்திற்கே சொந்தம். ஆதலின், “நீ வண்டியை வைத்துக்கொள், மிச்சத் தவணையைக் கட்டிவிடு” என்று பிறரிடம் ஒப்படைக்கும் “சம்போங் பாயார்” முறை மிகவும் அபாயகரமானது. எடுத்தவர் தவணையை நிறுத்திவிட்டால், கடன் கொடுத்தவர் பெயரையே துரத்தும். நிறுவனத்தின் உடைமையை அதன் அனுமதியின்றிக் கைமாற்றியது குற்ற வழக்காகவும் முடியலாம்.

தவணை கட்டுபவருக்கும் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஒரு மாதம் தவறியவுடனே வழியில் மறித்து வண்டியைப் பிடுங்கிச் செல்ல எவருக்கும் உரிமை இல்லை. பொதுவாக, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறியிருக்க வேண்டும். பின்னர் எழுத்து மூலம் 21 நாள் அறிவிப்புத் தரப்பட வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியாகிவிட்டது எனின், நீதிமன்ற உத்தரவின்றி வண்டியை எடுக்கலாகாது. வண்டியை எடுக்க வருபவரிடமும் அதற்குரிய அனுமதி இருத்தல் வேண்டும். அதனைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம். முறைகேடு நிகழ்ந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கடை ஊழியர் நீட்டும் தாள் இச்சட்டத்திற்கு உட்பட்ட ஒப்பந்தம்தானா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, ஒரு படியை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நேரலாம். அப்போது சட்டம் எதிர்பார்ப்பது மூன்று காரியங்களை: நிற்றல், உதவுதல், அறிவித்தல். வண்டியை நிறுத்தி, காயமுற்றவருக்கு இயன்ற உதவி செய்து, பெயர், முகவரி விவரங்களைக் கொடுத்து, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்தல் வேண்டும். ஓடிவிடுவது விபத்தோடு மற்றொரு குற்றத்தையும் சேர்த்துக்கொள்வதாகும். “நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்” என்று புகார் செய்யாமல் விட்டவர்கள், உள்காயம் பின்னர் வெளிப்பட்டபோது கையில் ஆதாரமின்றித் தவிக்கக்கூடும்.

காயமுற்றவர் நட்ட ஈட்டு வழக்கைப் பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். மரணம் நேர்ந்திருந்தால் குடும்பத்தார் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து, “நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்னும் தரகர்களை நம்ப வேண்டாம். வசதி குறைந்தோர் அரசாங்கச் சட்ட உதவித் துறையின் அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம். காப்புறுதி இல்லாத வண்டியால் காயமுற்றவர்களும் மனம் தளர வேண்டாம். மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் கூட்டுக் கழகத்திடம் உதவி கோரி விண்ணப்பிக்க வழியுண்டு. நாம் மேலே கண்ட முதியவருக்கும் இவ்வழி திறந்திருக்கிறது.

வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்தைச் சொக்சோ வேலை விபத்தாகவே கருதுகிறது என்பதையும் மறவாதீர்கள். முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியவர். ஆயினும், வழக்கமான பாதையை விட்டு விலகி, சொந்தக் காரியமாக வேறிடம் சென்றபோது நேர்ந்த விபத்து வேலை விபத்தாகக் கொள்ளப்படுவதில்லை.

இன்றிரவே பாருங்கள்

இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம்: தாளில் உள்ள பெயரும் வண்டியை ஆளும் மனிதரும் ஒருவராக இருத்தல் வேண்டும். மேலே கண்ட நிகழ்ச்சியில் அந்த இளைஞர் அரை நாள் விடுப்பு எடுத்துப் பெயரை மாற்றியிருப்பாரேயானால், போலீசார் அவர் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. வாங்கியவர் தம் பெயரில் காப்புறுதி எடுத்து, உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதிருந்தால், அம்முதியவரின் மருத்துவச் செலவுக்கும் வழி பிறந்திருக்கும்.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள வண்டியின் தாள்களை எடுத்து மேசை மீது பரப்புங்கள். பதிவுச் சான்றிதழில் யார் பெயர், காப்புறுதி எந்தத் தேதி வரை, ஓட்டுபவரின் உரிமம் காலாவதியாகிவிட்டதா, தவணை யார் கணக்கில் என்ற நான்கையும் பாருங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள். தாள்களில் குறையிருப்பின், வருகின்ற சம்பள நாளுக்குள் அதனைச் சரிசெய்துவிடுங்கள்.