வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய பெண்மணி

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாட்களில், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கமிருந்து மாடுகள் லொறியில் வந்து இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயிலில் நெருக்கியடித்து நின்று வந்த மாட்டுக்கு நா வறண்டிருக்கும். ஆண்கள் விலையையும் பங்கையும் பேசிக்கொண்டிருப்பார்கள். வளவில் கட்டிய மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் வைக்க வேண்டும் என்று முதலில் நினைப்பது யார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள ஓர் உம்மாதான்.

அந்த ஒரு வாளித் தண்ணீரைச் சட்டத்தில் எழுத வைப்பதற்காகப் பாடுபட்ட பெண்மணி ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தோம். அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904ல் மதுரையில் பிறந்தவர். 16 வயதில் ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்து ஊரின் ஏச்சுக்கு ஆளானார். 1936ல் சென்னை அடையாறில் கலாக்ஷேத்திரா என்ற கலைக்கூடத்தைத் தொடங்கினார். பிள்ளைகளின் கல்வியிலும் அக்கறை காட்டினார். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939ல் அடையாறு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது, இவரும் கணவரும் விடுத்த அழைப்பினால்தான். 1945ல் கணவர் மறைந்தார். பிள்ளைகளும் இல்லை. ஆயினும் அவர் மூலையில் உட்காரவில்லை.

1952ல் இந்தியப் பாராளுமன்றத்தின் மேல்சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே மிருகவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். அரசாங்கமே இதற்கொரு சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால், தம் மசோதாவை மீளப் பெற்றுக்கொண்டார். பெயர் தமக்கு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 1960ல் அந்தச் சட்டம் பிறந்தது. அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, வேதனைப்படும்படி வண்டியில் கொண்டுசெல்வது, உரியவரே தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவது, இவையெல்லாம் குற்றமாயின. முதற் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இது மிகவும் சொற்பம் என்ற குறை அதில் உண்டு.

சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ருக்மிணி தேவி மாமிசம் உண்ணாதவர். நாம் உண்பவர்கள். ஆனாலும் அந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்தச் சமூகமும் தன் மார்க்கம் சொல்லும் முறைப்படி அறுப்பதைக் குற்றமாக்கவில்லை. அப்படியானால் மிஞ்சும் கேள்வி நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது. அறுக்கும் முறை ஹலால்தான். அறுக்கும் நேரம் வரை அந்தப் பிராணியை நாம் வைத்திருந்த முறை எப்படி? கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளவும், அறுக்கப்படும் பிராணியின் நோவைக் குறைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருக்கிறார்கள் அல்லவா? சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு வந்த கட்டளை இது.

1962ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் தலைவியானார். 1977ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை ஜனாதிபதி பதவிக்கு முன்னிறுத்த விரும்பினார், வேண்டாமென்று மறுத்துவிட்டார். வாரியத்தின் பொறுப்பை மட்டும் விடவில்லை. 1986 பெப்ரவரியில் கண் மூடும் வரை அதைச் சுமந்தார்.

நம் நாட்டிலும் மிருகவதைக்கு எதிராக 1907ஆம் ஆண்டிலேயே சட்டம் எழுதப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் நம் வளவுக்குள் வந்து வாளியைத் தூக்கி வைக்காது. அது உங்கள் கையில் இருக்கிறது. பெருநாளைக்கு வாங்கிய ஆட்டை வெயிலில் கட்டாமல் நிழலில் கட்டச் சொல்லுங்கள். ஒரு பிராணி பார்த்திருக்க இன்னொன்றை அறுக்க வேண்டாமென்று வீட்டு ஆண்களுக்கு நினைவூட்டுங்கள். மீன் கழுவும் இடத்தில் சுற்றும் பூனைக்குக் கல்லெறியும் பிள்ளையின் கையைப் பிடித்து, அதே கையில் ஒரு மீன் தலையைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை பூனைக்கு மட்டுமல்ல, நாளை தன் வீட்டாருக்கும் இரக்கமுள்ளவனாக வளருவான்.