சமூகத்தில் பெறப்படும் நுரையீரல் அழற்சி

சமூகத்தில் பெறப்படும் நுரையீரல் அழற்சி என்பது மருத்துவமனைக்கு வெளியே, அன்றாட வாழ்விடத்தில் ஒருவருக்குத் தொற்றும் நிமோனியா ஆகும். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பின் தோன்றுவது மருத்துவமனைத் தொற்றாகக் கொள்ளப்படுகிறது. இரண்டிலும் கிருமிகள் வேறுபடுவதால் மருந்துகளும் வேறுபடுகின்றன.

நோய் உண்டாகும் விதம்

நுரையீரலின் மிகச்சிறிய காற்றறைகளில்தான் ஆக்சிசன் இரத்தத்தில் கலக்கிறது. அங்கு கிருமிகள் பெருகும்போது, அவற்றை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களும் நீரும் அறைகளை நிரப்பிவிடுகின்றன. ஆக்சிசன் குறைவதால் நோயாளி வேகமாக மூச்சு விடுகிறார்.

காரணிகள்

- ஸ்ட்ரெப்டோகாக்கசு நிமோனியே: பாக்டீரியாக்களில் முதன்மையான காரணி.
- ஈமோஃபிலசு இன்ஃபுளுயென்சே: புகைப்பவர்களிடமும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளிடமும் மிகுதி.
- மைக்கோபிளாசுமா: செல்சுவர் அற்றது. ஆகவே செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாது.
- லெஜியோனெல்லா: மாசுபட்ட நீரின் நுண்துளிகளால் பரவும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவிய நோயிலிருந்து அறியப்பட்டது.
- தீநுண்மிகள்: இன்ஃபுளுயென்சா, கோவிட்-19 போன்றவற்றின் தீநுண்மிகள்.

அறிகுறிகள்

இருமல், சளி, குளிர்காய்ச்சல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை பொதுவானவை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். திடீர் மனக்குழப்பம், உணவு மறுத்தல், தடுமாறி விழுதல் ஆகியவை மட்டுமே தெரியலாம். இவற்றை முதுமையின் இயல்பென்று விட்டுவிட்டால் சிகிச்சை தாமதமாகும்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, 1 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதும் ஆபத்தின் அறிகுறியே.

நோயின் கடுமை

பெரியவர்களை வீட்டிலேயே கவனிக்கலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவுசெய்ய 'சியுஆர்பி-65' என்னும் அளவீடு உதவுகிறது. மனக்குழப்பம், இரத்தத்தில் யூரியா மிகுதல், நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, குறைந்த இரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 0 அல்லது 1 எனில் பெரும்பாலும் வீட்டிலேயே சிகிச்சை பெறலாம். 2 எனில் மருத்துவமனை. 3 முதல் நோய் கடுமையானது.

சிகிச்சை

மார்பு எக்சு-கதிர்ப் படம் நோயை உறுதிசெய்ய உதவும். பாக்டீரியாத் தொற்று எனக் கருதினால், சளிப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர் எதிர்ப்பி தொடங்கப்படுகிறது. இலேசான நோய்க்கு அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகளும், கடுமையான நோய்க்கு ஊசி மருந்துகளும் ஆக்சிசனும் தரப்படுகின்றன. பெரியவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 5 நாள் மருந்து தேவை. காய்ச்சல் தணிந்ததும் தாமாக நிறுத்துவதும், பழைய மருந்துச்சீட்டைக் காட்டி வாங்கி உண்பதும் தவறு. தீநுண்மித் தொற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி பயன் தராது. குணமான பின்னும் இருமலும் அசதியும் சில வாரங்கள் நீடிக்கலாம்.

தடுப்பு

நிமோகாக்கல், இன்ஃபுளுயென்சா தடுப்பூசிகள், புகைப்பதை விடுதல், கைகழுவுதல், விறகடுப்புப் புகையைத் தவிர்த்தல் ஆகியவை நோயைக் குறைக்கும். இந்தியாவில் நிமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாகக் குழந்தைகளின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது.