காந்தப்புலத்தில் மீக்கடத்திகளின் மின்தடையை அளத்தல்: மேல் மாறுநிலைப் புலம் குறித்த ஒரு விளக்கம்

1911ஆம் ஆண்டு லைடன் ஆய்வகத்தில் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அருகே மறைவதைக் கண்ட காமர்லிங் ஓன்னஸ், சில ஆண்டுகளிலேயே காந்தப்புலம் அந்நிலையை அழித்துவிடுவதையும் கண்டறிந்தார். வெள்ளீயம் போன்ற முதல்வகை மீக்கடத்திகளின் தூய மாதிரிகளில் இவ்வழிவு கூர்மையாக நிகழ்வதால் மாறுநிலைப் புலத்தை வரையறுப்பதில் பெரிய ஐயம் எழுவதில்லை. இரண்டாம் வகையில் அவ்வாறன்று.

அளவீட்டிற்கு நான்குமுனை முறை கையாளப்படுகிறது. வெளிமுனைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தப்பட, உள்முனைகள் இரண்டிற்கிடையே மின்னழுத்தம் அளக்கப்படும். தொடுமுனைத் தடை 1 ஓம் எனில், 1 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் அத்தொடுமுனையில் மட்டும் 1 மில்லிவோல்ட் தோன்றும். மாதிரியில் அளக்கவேண்டியதோ பல வேளைகளில் சில நானோவோல்ட்டே. இருமுனை அளவீடு இங்கு பயனற்றது. கம்பி இணைப்புகளில் எழும் வெப்பமின்னழுத்தத்தை நீக்க, மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரு அளவுகளின் வேறுபாட்டில் பாதி எடுக்கப்படுகிறது. வெப்பநிலைமானியின் தடையும் புலத்தில் மாறக்கூடும். திருத்தப்படாத அப்பிழை, மாதிரியின் மாறுநிலை வெப்பநிலை நகர்ந்ததுபோல் தோற்றமளிக்கும்.

இவையனைத்தும் சரிசெய்யப்பட்ட பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இரண்டாம் வகை மீக்கடத்தியினுள் காந்தப் பாயம் சுழல்களாக நுழைகிறது, ஒவ்வொன்றும் 2.07 × 10⁻¹⁵ வெபர் பாயத்தைத் தாங்கும். புலத்திற்குச் செங்குத்தாக ஓடும் மின்னோட்டம் அவற்றைத் தள்ளுகிறது. படிகக் குறைகள் அவற்றைப் பிடித்து நிறுத்தாவிடில் அவை நகரும். நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும். இத்தடை, இயல்புநிலைத் தடையில் புலத்திற்கும் மேல் மாறுநிலைப் புலத்திற்கும் உள்ள விகித அளவினது எனப் பார்டீனும் ஸ்டீபனும் 1965இல் காட்டினர். அதாவது, தடை தென்படுவதனாலேயே மீக்கடத்துநிலை மறைந்துவிட்டது எனக் கொள்ளலாகாது.

1987இல் கண்டறியப்பட்ட, மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 92 கெல்வினான இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் இது தெளிவாகப் புலப்படுகிறது. புலம் கூடும்போது தடைவளைவின் தொடக்கம் சிறிதே நகர, அடிப்பகுதி தாழ்வெப்பநிலையை நோக்கி விசிறிபோல் விரிகிறது. ஆய்வாளர் இயல்புநிலைத் தடையின் 90, 50, 10 விழுக்காடுகளுள் எதனை அளவுகோலாகக் கொள்கிறாரோ, அதற்கேற்ப மூன்று வேறு ‘மாறுநிலைப் புலங்கள்’ கிடைக்கும். 10 விழுக்காட்டுப் புள்ளி பெரும்பாலும் சுழல்களின் நகர்வையே காட்டுகிறது. அதனை மேல் மாறுநிலைப் புலமெனப் பெயரிடுவது பொருந்தாது. சில டெஸ்லா வரையிலான தரவின் சாய்வை நீட்டிச் சுழி கெல்வினில் நூறு டெஸ்லாவிற்கு மேற்பட்ட மதிப்பைக் கூறும்போது இப்பிழை பன்மடங்காகிறது.

எனவே அளவுகோலுடன் மின்னோட்ட அடர்த்தியும் படிக அச்சினைச் சார்ந்த புலத்தின் திசையும் குறிப்பிடப்படல் வேண்டும். இரு வேறு மின்னோட்டங்களில் வளைவை மீண்டும் பதிவுசெய்வது எளிய சோதனை: மாதிரி சூடேறாத நிலையில், மேற்பகுதி மாறாதிருக்க அடிப்பகுதி மட்டும் மாறினால், அங்கு அளக்கப்பட்டது சுழல்கள் பிடியிலிருந்து விடுபடும் நிகழ்வே.