உங்களுக்குத் தெரியுமா? சாராயம் கடத்திய கார்கள் சர்க்யூட்டுக்கு வந்த கதை

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது போன பிறகும் வட கரோலினா, ஜார்ஜியா மலையோரங்களில் கள்ளச்சாராய அடுப்பு அணையவில்லை. வரி கட்டாத சரக்குக்கு எப்போதும் கிராக்கிதான். ராத்திரியோடு ராத்திரியாக அதை நகரத்தில் சேர்க்க, வெளியே பார்த்தால் அப்பாவி ஃபோர்டு கார். உள்ளே பிரித்து மேய்ந்து வேகம் கூட்டிய எஞ்சின். போலீஸுக்குத் தண்ணி காட்டிய இந்த ஓட்டுநர்கள் லீவு நாளில் யார் வேகம் என்று தங்களுக்குள் மோதிப் பார்த்த மண் தரைகளில்தான் இன்றைய நாஸ்கார் என்ற கார் பந்தயத்தின் ஒரு வேர் இருக்கிறது. ஓட்டியவர்கள் எல்லோரும் கடத்தல்காரர்கள் அல்ல. இந்தக் கதையைக் கொஞ்சம் மசாலா தூவித்தான் சொல்வார்கள். ஆனால் 1949இல் அதன் உச்சப் பிரிவின் முதல் சாம்பியன் பட்டம் வென்ற ரெட் பைரனின் காருக்குச் சொந்தக்காரரான ரேமண்ட் பார்க்ஸ், சாராயத்தில் சம்பாதித்து அதற்காகச் சிறைக்கும் போய் வந்தவர்தான்.

*

அந்தக் காலத்தில் பந்தயம் நடத்தியவர்களில் சிலர் டிக்கெட் காசைச் சுருட்டிக்கொண்டு, பரிசு கொடுக்காமலே ஊரை விட்டு ஓடிவிடுவார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட 1947 டிசம்பர் 14 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மொட்டைமாடி பாரில் ஒரு கூட்டம் போட்டார் பில் ஃபிரான்ஸ். ஆறடி ஐந்து அங்குல உயரம், மெக்கானிக், பெட்ரோல் பங்க் நடத்தியவர். 1948 பிப்ரவரி 21 அன்று நாஸ்கார் பதிவானது. சங்கம் என்ற பெயரில் இருந்தாலும் அது தனியார் கம்பெனி. 1972இல் மகன் பில் ஜூனியர், 2003இல் பேரன் பிரையன், 2018இல் சின்ன மகன் ஜிம் என்று சாவி இன்றுவரை அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

*

கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும். எதையும் மாற்றக் கூடாது. இந்த விதியோடு முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் முக்கால் மைல் மண் பாதையில் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால், அவர் ஓட்டிய 1947 ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்திருந்தார்கள். சாராய பாரம் ஏற்றி வளைவில் பறந்தாலும் வண்டி ஆட்டம் காணாமல் இருக்கக் கடத்தல்காரர்கள் செய்யும் அதே வேலை! டனவேயை நீக்கிவிட்டு, கான்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். கார் சொந்தக்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிபதி தள்ளுபடி செய்தார். விதி சொல்லும் அதிகாரம் நாஸ்காருக்கு உண்டு என்று கோர்ட்டே முத்திரை குத்தியது போலாயிற்று. என்னைக் கேட்டால், நாஸ்கார் உண்மையில் பிறந்தது மொட்டைமாடியில் அல்ல, இந்தத் தீர்ப்பில்.

*

அதே முதல் பந்தயத்தில் சாரா கிறிஸ்டியன் என்ற பெண்ணும் ஓட்டினார்.

*

இன்னொரு பெண் லூயிஸ் ஸ்மித். 1947இல் கணவரின் புத்தம் புது ஃபோர்டை எடுத்துக்கொண்டு டேடோனாவுக்குப் பந்தயம் பார்க்கப் போனார். பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை; தானே களமிறங்கி வண்டியை நொறுக்கினார். ஊர் திரும்பி, கார் வழியில் ரிப்பேராகி நின்றுவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். கணவர் பேச்சே இல்லாமல் செய்தித்தாளை நீட்டினார். நொறுங்கிய காரின் படம் அதில் வந்திருந்தது.

*

1953இல் டிம் ஃபிளாக் தன் காரில் ஒரு குரங்கைப் பக்கத்து சீட்டில் கட்டி உட்கார வைத்துப் பந்தயம் ஓட்டினார். பெயர் ஜாக்கோ ஃபிளாக்கோ, தனி யூனிஃபார்ம் வேறு. ஹிக்கரி என்ற ஊரில் ஒரு வெற்றியும் அந்த ஜோடிக்கு உண்டு. பிறகு ராலி பந்தயத்தில் குரங்கு கட்டை அவிழ்த்துக்கொண்டு காருக்குள் ரகளை செய்ய, ஃபிளாக் வண்டியை ஓரங்கட்டி அதை இறக்கிவிட வேண்டியதாயிற்று. இரண்டாம் இடம் கைநழுவி மூன்றாவதாக வந்தார். குரங்கின் பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

*

தென் கரோலினாவின் டார்லிங்டன் டிராக் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். காரணம் பொறியியல் அல்ல, குளம். நிலத்தை விற்ற விவசாயி, தன் மீன் குளத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு பக்க வளைவை இறுக்கிக் கட்டினார்கள். இரு முனைகளும் ஒன்றுபோல் இல்லாததால், ஒரு வளைவுக்குச் சரியாக அமைத்த கார் அடுத்ததில் முரண்டு பிடிக்கும். 1950இல் அங்கே நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் 75 கார்கள். மற்றவர்களின் டயர் வெடித்துக்கொண்டே இருக்க, ஜானி மான்ட்ஸ் லாரிக்குப் போடும் தடித்த டயரை மாட்டிக்கொண்டு நிதானமாக ஓட்டி ஜெயித்தார்.

*

ரிச்சர்ட் பெட்டி. மொத்தம் 200 வெற்றிகள், 7 பட்டங்கள். 1967இல் மட்டும் 27 வெற்றிகள், அதில் 10 தொடர்ச்சியாக. இந்தச் சாதனைக்காரர் 1958இல் கனடாவின் டொரன்டோவில் ஓட்டிய முதல் பெரிய பந்தயத்தில் அவரைச் சுவரில் மோத வைத்து வெளியேற்றியவர் யார் தெரியுமா? பெற்ற அப்பா லீ பெட்டி. அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் மகன் முதல் வெற்றி கண்டதாக அறிவித்தார்கள். சுற்றுக் கணக்கு தப்பு என்று புகார் கொடுத்து அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு போனவரும் லீதான். 1959இல் முதல் டேடோனா 500இல் வேறொருவரை வெற்றியாளர் என்று அறிவித்துவிட்டு, புகைப்படங்களையும் நியூஸ் ரீலையும் தேடிப் பார்த்து மூன்று நாள் கழித்து லீக்குப் பட்டம் கொடுத்தார்கள். பெட்டி குடும்பத்துக்கும் தாமதத் தீர்ப்புக்கும் என்னவோ ராசி!

*

தாமதத் தீர்ப்பு எல்லோருக்கும் மூன்று நாளில் வந்துவிடவில்லை. வெண்டல் ஸ்காட், வர்ஜீனியாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். டாக்ஸி ஓட்டியவர், சாராயமும் கடத்தியவர், தன் காரைத் தானே ரிப்பேர் பார்த்தவர். இனவெறி சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில் வெள்ளையர்களோடு மோதினார். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் பந்தயத்தில் எல்லோரையும் விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். ஆனால் அவருக்குக் கொடி விழவில்லை. பக் பேக்கரை வெற்றியாளர் என்று அறிவித்துக் கோப்பையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு, எண்ணிக்கையில் பிழை என்று சொல்லி ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் வந்தது, கோப்பை வரவில்லை. அவர் 1990இல் காலமானார். நாஸ்கார் அந்த வெற்றிக்கான ஒரு கோப்பையை அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021 ஆகஸ்ட்டில். எண்ணத் தெரியாமல் நடந்த தவறு என்று இதை நம்புவது கஷ்டம். அதே 2021 அக்டோபரில் டாலடேகாவில் பப்பா வாலஸ் வென்றார். நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஒரு கறுப்பின ஓட்டுநருக்குக் கிடைத்த அடுத்த வெற்றி அதுதான்.

*

ஜூனியர் ஜான்சன் 50 பந்தயங்களை வென்றவர். 1956இல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டு ஓஹையோ சிறையில் பதினோரு மாதம் இருந்தார். 1986இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த ஒரு காரியம், நாஸ்காரின் தலையெழுத்தை மாற்றியது.

1971 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை எங்கே கொட்டுவது என்று கம்பெனிகள் முழித்துக்கொண்டிருந்தன. தன் டீமுக்கு ஸ்பான்சர் கேட்டு ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் கம்பெனியின் கதவைத் தட்டினார் ஜான்சன். அவர்களிடம் இருந்த தொகையோ ஒரு டீம் தாங்கக்கூடியதல்ல. பேசாமல் முழுத் தொடரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பில் ஃபிரான்ஸைக் கைகாட்டிவிட்டார். பிறந்தது வின்ஸ்டன் கோப்பை. 2003 வரை நீடித்தது. கம்பெனி வந்ததும் கணக்கும் வந்தது. ஆண்டுக்கு 48 என்றிருந்த பந்தயங்களை 1972இல் 31 ஆகக் குறைத்தார்கள். சின்ன ஊர் டிராக்குகள் கழிந்தன. மண் பாதைக்கு 1970லேயே விடைகொடுத்திருந்தார்கள். 2021இல் பிரிஸ்டலில் மண்ணைக் கொட்டித்தான் அது திரும்ப வந்தது. டிவியில் காட்ட முடியாத சிகரெட்டின் பெயர், பந்தயத்தின் பெயராக டிவியில் ஓயாமல் ஒலித்தது. சட்டத்துக்குச் சந்து கண்டுபிடிப்பதில் சாராயக்காரர்களை விட விளம்பரக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

*

விதிப் புத்தகத்தில் ஓட்டை தேடுவதில் மன்னன், டேடோனா மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக். பெட்ரோல் டேங்கின் அளவுக்கு விதி இருந்தது. குழாயின் அளவுக்கு இல்லை. மனிதர் இரண்டு அங்குலக் குழாயை வளைத்து நெளித்துப் பொருத்தி, அதற்குள்ளேயே கூடுதல் பெட்ரோலை நிரப்பிவிட்டார்.

*

1979 பிப்ரவரி 18. டேடோனா 500 முதல்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் நாடு முழுக்க ஒளிபரப்பாகிறது. அன்றைக்கென்று பார்த்து அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனிப்பொழிவு. வெளியே தலைகாட்ட முடியாமல் ஜனம் டிவி முன்னால். கடைசிச் சுற்றில் முதலிரண்டு இடங்களில் இருந்த டோனி அலிசனும் கேல் யார்பரோவும் ஒருவரை ஒருவர் இடித்து, இருவருமே சுவரில் போய் முட்டினார்கள். அரைச் சுற்று பின்னால் வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி நோகாமல் ஜெயித்தார். கேமரா திரும்பிப் பார்த்தால், புல்தரையில் யார்பரோவும் டோனியும் அவர் சகோதரர் பாபி அலிசனும் கைகலப்பில். கார் பந்தயமே பார்த்திராத நியூயார்க்வாசிகூட அன்று நாஸ்காரைத் தெரிந்துகொண்டார். பனியும் குத்துச்சண்டையும் செய்த விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

*

1987இல் டாலடேகா தகுதிச் சுற்றில் பில் எலியட் தொட்ட வேகம் மணிக்கு 212.809 மைல், அதாவது சுமார் 342 கி.மீ. இன்றுவரை முறியவில்லை, முறியவும் விடமாட்டார்கள். அதே வார இறுதியில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டு முதல் பெரிய டிராக்குகளில் கார்புரேட்டருக்குக் கீழே துளையிட்ட தகடு ஒன்றை வைத்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தது. ஆனால் எல்லா கார்களும் ஒரே வேகத்தில் மந்தையாக ஓட, ஒன்று தடுமாறினால் இருபது மோதும் நிலை வந்தது.

*

நாஸ்கார் காருக்குக் கதவு கிடையாது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார். முன்விளக்கு? வெறும் ஸ்டிக்கர்.

*

2001 பிப்ரவரி 18. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட், டேடோனா 500இன் கடைசி வளைவில் சுவரில் மோதி இறந்தார். பார்த்தவர்களுக்குச் சாதாரண மோதலாகத்தான் தெரிந்தது. தலையும் கழுத்தும் முன்னால் வீசப்படாமல் பிடித்துக்கொள்ளும் பட்டை ஒன்று அப்போதே கடையில் இருந்தது; கட்டாயம் இல்லை என்பதால் பலர் தொடவில்லை, எர்ன்ஹார்ட்டும்தான். முந்தைய ஆண்டே மூன்று இளம் ஓட்டுநர்கள் மோதலில் இறந்திருந்தார்கள். 2001 அக்டோபரில்தான் அந்தப் பட்டை கட்டாயமானது. கான்கிரீட் சுவருக்கு முன்னால் அதிர்ச்சி தாங்கும் தடுப்புகளும் வரத் தொடங்கின. அதன் பிறகு உச்சப் பிரிவுப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் இறக்கவில்லை.

*

டயர் மாற்றும் பிட் வேலையை நாஸ்காரில் ஒரு கலையாக்கிய வுட் சகோதரர்களை, 1965 இண்டியானாபோலிஸ் 500இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்கு உதவ அழைத்தார்கள். கிளார்க் ஜெயித்தார்.

*

2025 முதல் ஏழு ஆண்டு ஒளிபரப்பு உரிமை 770 கோடி டாலருக்குப் போனது. பங்கு கேட்டு டீம்கள் சும்மா இருக்குமா? கூடைப்பந்து மன்னன் மைக்கேல் ஜோர்டனும் ஒரு டீமின் சொந்தக்காரர். அவரது டீமும் இன்னொரு டீமும் 2024 அக்டோபரில், நாஸ்கார் ஏகபோகம் செய்கிறது என்று வழக்குப் போட்டன. 2025 டிசம்பரில் விசாரணை நடுவிலேயே சமரசமாயிற்று. பந்தயத்தில் இடம் உறுதி தரும் உரிமங்கள் டீம்களுக்கு நிரந்தரமாயின.

*

நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனும் நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார். ஃபார்முலா ஒன் பார்த்துவிட்டு வந்தவருக்கு, 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் பிக்கப் டிரக்குகளுக்கான தேசியத் தொடரில் அறிமுகம், 13ஆம் இடம். நாஸ்காரில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான். முழு சீசனும் ஓட்டவில்லை, ஒரு வெற்றியும் இல்லை. இருந்தும் அந்த ஆண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவருக்கே கொடுத்தார்கள்.