சுண்ணாம்புப் பாறையில் வேர்விடும் செருப்பு ஆர்க்கிட்

மலேசியாவின் லங்காவி தீவுகளிலும் தாய்லாந்தின் தென்பகுதியிலும் கடலோரமாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ ஒன்று பூக்கிறது. அதன் பெயர் பாபியோபெடிலம் நிவியம்; செருப்பு ஆர்க்கிட் எனப்படும் பாபியோபெடிலம் பேரினத்தில் ஓர் இனம். மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை; வெயிலும் மழையும் கடற்காற்றும்தான். அப்படிப்பட்ட இடத்தில் பிழைத்துக்கிடக்கும் செடி, நல்ல உரமண் நிரப்பிய தொட்டிக்கு வந்தால் அடியழுகிச் செத்துப்போகிறது. பாறை அதற்கு எதைத் தருகிறது என்று தெரிந்துகொண்டால் வளர்ப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் பூவைப் பார்ப்போம். ஆர்க்கிட் பூவின் மூன்று இதழ்களில் ஒன்று உதடு. செருப்பு ஆர்க்கிட்டில் இது குழிந்து, செருப்பின் முன்பகுதி போன்ற பையாகிவிடுகிறது. ஈயோ வண்டோ பையின் விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்தால் வந்த வழியே ஏற முடியாது. பின்சுவரில் உள்ள மயிர்களைப் பற்றிக்கொண்டு ஏறினால் மேலே குறுகலான வாசல் இருக்கிறது. அங்கே போகும் வழியில் முதலில் சூல்முடி, அடுத்து மகரந்தம். முந்தைய பூவின் மகரந்தத்தை இறக்கிவிட்டு, புதியதை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் பூச்சி வெளியேற முடியும். தேன் எதுவும் கிடைக்காது. போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ரோத்சைல்டியானம் என்ற இனம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: அசுவினிக் கூட்டம் என்று ஏமாந்து பூவிலேயே ஒருவகை ஈ முட்டையிடுகிறது.

செடியின் உடல்வாகு வேறு. பல ஆர்க்கிட்களில் தண்ணீரைச் சேமிக்கும் தடித்த போலிக்குமிழ் இருக்கும், இதில் இல்லை. எனவே வேர்ப்பகுதி அடியோடு காயக் கூடாது. தண்ணீர் தேங்கினாலும் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் தொடங்கிவிடும். ஈரமும் காற்றோட்டமும் ஒருசேர வேண்டும்.

சுண்ணாம்புப் பாறை தருவது அதைத்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது காலங்காலமாகக் கல்லை அரித்து, விரிசல்களும் பொந்துகளும் நிறைந்த பாறையாக்கிவிடுகிறது. எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் உடனே இறங்கிப்போகும். இடுக்குகளில் சருகும் பாசியும் மக்கிச் சேரும். நிவியத்தின் வேர் ஓடுவது பெரும்பாலும் அந்த மக்கில்தான். ஈரம் அங்கே தங்குகிறது. சருகு மக்கும்போது அமிலம் உண்டாகும். அருகிலிருக்கும் கல்லின் கால்சியம் கார்பனேட் அதை உடனுக்குடன் முறித்துவிடுவதால் மக்கு புளித்துப்போவதில்லை. வடிகாலும் புளிப்பு முறிப்பும்தான் கல் செய்யும் முக்கியமான வேலைகள்.

ஆகவே தொட்டியில் கல்லை அடுக்கத் தேவையில்லை. அதன் வேலை நடந்தால் போதும். நடுத்தர அளவு மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, பெர்லைட் கலந்த கலவை நல்லது. அதில் உடைத்த கிளிஞ்சலோ டோலமைட் தூளோ கொஞ்சம் சேர்க்கலாம். கலவையின் கார அமில நிலை (pH) 6-க்கும் 7-க்கும் இடையே இருப்பது நலம். பட்டை மக்கத் தொடங்கினால் காற்றிடைவெளி அடைபட்டுப் புளிப்பும் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ தொட்டி மாற்றச் சொல்வது இதனால்தான். உரத்தை மிகவும் நீர்க்கக் கலந்து ஊற்ற வேண்டும். அவ்வப்போது வெறும் நீரால் தொட்டியை அலச வேண்டும். சுண்ணாம்பைத் தாங்கும் செடிதானே என்று உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றக் கூடாது. சோடியம் உப்பு வேர்நுனியைக் கருக்கிவிடும், மழைநீரே மேல். நேர் வெயில் ஆகாது. நிவியம் தாழ்நிலச் செடி என்பதால் வெப்பத்தைத் தாங்கும்; மலைக்காட்டு இனங்கள் பலவற்றுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும்.

எல்லாச் செருப்பு ஆர்க்கிட்டும் சுண்ணாம்பை நாடுவதில்லை. வியட்நாமின் டெலனாட்டி அமிலத்தன்மையுள்ள பாறைகளில் வளர்வது. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே பாபியோபெடிலமான துருரியும் அப்படித்தான். அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை, அந்த மலையோ சுண்ணாம்புக்கல் மலை அல்ல. செடியின் ஊர் எது என்று விசாரித்த பிறகே கிளிஞ்சலைக் கையில் எடுக்க வேண்டும்.

வாங்கும்போதும் ஊரைக் கேட்க வேண்டிய காரணம் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே பல இனங்கள் அருகிவிட்டன. 1999-இல் அறிவியல் பெயர் பெற்ற வியட்நாமென்ஸே சில ஆண்டுகளிலேயே காட்டில் ஏறக்குறைய துடைக்கப்பட்டுவிட்டது. பாபியோபெடிலம் இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளன. காட்டுச் செடிகளை நாடுவிட்டு நாடு விற்பது சட்டவிரோதம். தூசியளவே உள்ள விதைக்குச் சேமிப்புணவு கிடையாது. காட்டில் அது முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை கலந்த ஊடகம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இப்படிக் குடுவையில் வளர்த்த நாற்றுகள் பண்ணைகளில் கிடைக்கின்றன. தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவையும் அவையே. ஆனால் சிமெண்டுக்காகவும் ஜல்லிக்காகவும் ஒரு சுண்ணாம்புக் குன்றை வெட்டி எடுத்துவிட்டால், அந்தப் பூஞ்சையும் மகரந்தம் சுமக்கும் ஈயும் சேர்ந்தே போகும். அவற்றை வளர்த்துத் தரும் பண்ணை இல்லை.