காமிராவும் லென்சும் ஒன்றுபடுதல்



கருவியை நம்பாமல் அறிவியல் இல்லை. சோதிக்காமல் நம்புவதும் அறிவியல் இல்லை. இவ்வுண்மையைக் காமிராவின் குவியத்தைக் கொண்டு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். இன்றைய காமிரா தானாகவே குவியத்தைத் தேடிக்கொள்கிறது. ஆயினும், அது தேடிக் கண்ட இடமும் படம் விழுகின்ற இடமும் ஒன்றுதானா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. அக்கேள்வி பழையது. அதற்கு விடைகாண முயன்ற வரலாற்றில் நம் கோடைக்கானலுக்கும் ஓர் இடம் உண்டு.

குவியம் என்றால் என்ன? வெயிலில் ஒரு பூதக்கண்ணாடியைத் தாளுக்கு மேலே பிடித்து, மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு தொலைவில் மட்டும் ஒளி சிறு புள்ளியாகக் கூடும். அதுவே குவியம். அவ்விடத்திலிருந்து தாள் சற்று விலகினாலும் புள்ளி வட்டமாகப் பரவிவிடும். படத்தில் அதுவே மங்கலாகத் தோன்றும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எளிய லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் கூட்டுவதில்லை. ஊதா ஒளி மிகுதியாக வளைந்து முன்னே கூடும். சிவப்பு ஒளி பின்னே கூடும். நம் கண் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியையே நன்கு உணரும். தொடக்ககால ஒளிப்படத் தட்டுகளோ நீலத்தையும் ஊதாவையுமே மிகுதியாக உணர்ந்தன. ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய காட்சி தட்டில் மங்கலாக விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், இலண்டனில் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய கிளாடே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணிட்ட சிறு தகடுகளை விசிறிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு தொலைவில் அமைத்தார். நடுத்தகட்டின்மேல் கண்ணால் குவியம் வைத்துப் படம் எடுத்தார். எந்த எண் மிகத் தெளிவாக விழுந்ததோ, அதுவே தட்டின் உண்மையான குவியம். நடுத்தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே பிழையின் அளவு.

கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கே கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியில், 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொடங்கி 2007 வரை, சூரியனைப் படமெடுத்து வந்தனர். அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 393 நானோமீட்டர். கண்ணின் எல்லைக்கு அருகே நிற்பது. கண்ணை மட்டும் நம்பி அங்கே குவியம் வைத்தல் இயலாது. அக்கருவியில் அமைந்தது 30 செ.மீ. விட்டமுள்ள குக் நிறுவனத்தாரின் லென்ஸ். சூரியனை 60 மி.மீ. அளவில் காட்டியது. கண்ணின் குவியத்தையும் தட்டின் குவியத்தையும் இயன்றவரை ஒன்றாக்கும்பொருட்டு, அந்நிறுவனத்தைச் சேர்ந்த டெனிஸ் டெய்லர் வகுத்த முறையில் மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து அமைத்த லென்ஸ் அது.

அதே ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட், 1909-ஆம் ஆண்டில், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு புறநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். நிறமாலைக் கோடுகளின் மிகச் சிறிய இடப்பெயர்ச்சியே அதற்குச் சான்று. அவ்விடப்பெயர்ச்சி நானோமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். கோடுகள் மங்கியிருந்தால் அவ்வுண்மை அன்றைக்குப் புலப்பட்டிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி இன்றைய காமிராவுக்கு வருவோம். லென்சைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி பொருத்திய காமிராவில் ஒளி இரு வழியாகச் செல்கிறது. படம் எடுக்குமுன், ஒளியின் ஒரு பகுதி சிறு கண்ணாடி ஒன்றால் கீழே திருப்பப்பட்டு, குவியத்தை அளக்கும் உறுப்பில் விழுகிறது. லென்சின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளி அங்கே இரு சிறு படங்களை உண்டாக்கும். அவற்றின் இடைவெளியைக் கொண்டு லென்சை எத்திசையில், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று காமிரா கணிக்கிறது. பின்பு கண்ணாடி மேலெழ, ஒளி நேரே சென்று சென்சாரில் விழுகிறது. அளப்பது ஓரிடம், படம் விழுவது வேறிடம். இரண்டின் தொலைவும் சமமாக இருந்தால் நன்று. மயிரிழை வேறுபட்டாலும் குவியம் முன்னோ பின்னோ விழும்.

ஒரு தச்சர் நிலையைச் செய்கிறார். மற்றொரு தச்சர் கதவைச் செய்கிறார். இருவர் வேலையும் குறை சொல்லத்தக்கதன்று. ஆனால், நிலை சற்றே குறுகி, கதவு சற்றே அகன்றிருந்தால் கதவு பிடிக்கும். காமிராவும் லென்சும் அவ்வாறே. தனித்தனியே பிழை சிறிது, ஒன்றுகூடினால் பெரிது.

எவ்வளவு சிறிய பிழை தாங்கும்? புள்ளி 0.03 மி.மீ. வரை பரவலாம் என்று கொண்டால், லென்சின் துளை எஃப் 1.8 ஆகத் திறந்திருக்கும்போது சென்சாரின் முன்னும் பின்னுமாக மொத்தம் 0.1 மி.மீ. இடமே கிடைக்கும். உங்கள் குறிப்பேட்டுத் தாளின் தடிமன் ஏறத்தாழ அவ்வளவுதான். துளையை எஃப் 8 ஆகச் சுருக்கினால் அது அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆகையால், இப்பிழை பகல் வெளிச்சத்தில் மறைந்திருந்து, இருண்ட சோலைக்காட்டில் துளையைத் திறக்கும்போது வெளிப்படும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பழனி மலைச் சோலைகளில் பறவைகளைப் படமெடுப்பவர். அவர் எடுத்த சிரிப்பான் குருவியின் படங்களில் கண் மங்கி, பின்னே இருந்த பாசி தெளிந்திருந்தது. லென்ஸ் பழுது என்று எண்ணி, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கியதைக் குறைந்த விலைக்கு விற்றுவிட முனைந்தார். “விற்கலாம், முதலில் சோதித்துப் பார்” என்றேன். இருவரும் முறையாகச் சோதித்தோம். பழுதென்று ஒன்றும் இல்லை, இசைவுதான் இல்லை.

சோதிக்கும் முறை இது. காமிராவை முக்காலியில் உறுதியாக நிறுத்துக. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த அட்டையை லென்சுக்கு நேரே செங்குத்தாக வைக்க. அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து, அதன் நடுக்கோடு அட்டையின் தளத்தில் இருக்குமாறு அமைக்க. இது கிளாடேயின் விசிறியே அன்றி வேறன்று. லென்சின் குவியத் தூரத்தைப்போல் 25 முதல் 50 மடங்கு வரை தொலைவு இருக்கலாம், 50 மி.மீ. லென்சுக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர். துளையை முழுதும் திறந்து, சீரான பகல் வெளிச்சத்தில் படமெடுக்க. மஞ்சள் விளக்கொளியில் அளவு மாறக்கூடும். மூடுபனியிலோ அளக்கும் உறுப்பே தடுமாறும். ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்துவிட்டுப் பத்துப் படங்களேனும் எடுக்க. பின்பு, கண்ணாடியை உயர்த்திச் சென்சாரைக் கொண்டே குவியம் காணும் முறையில் சில படங்கள் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுக.

இங்கேதான் பாடம் இருக்கிறது. பத்துப் படங்களில் சில முன்னும் சில பின்னுமாக விழுந்தால் அது சிதறல். திருத்தம் அதனைப் போக்காது. பத்தும் ஒரே பக்கம் விழுந்தால் அது ஒருபாற் பிழை. சிதறலைச் சராசரி குறைக்கும். ஒருபாற் பிழையை நூறு படங்களின் சராசரியும் குறைக்காது. வேறொரு நம்பத்தக்க அளவோடு ஒப்பிட்டே அதனைக் காண இயலும். கண்டபின் திருத்துவது எளிது. பல காமிராக்களில் கழித்தல் 20 முதல் கூட்டல் 20 வரை படிகள் உண்டு. கழித்தல், குவியத்தைக் காமிராவை நோக்கிக் கொணரும். கூட்டல், அப்பால் தள்ளும். அம்மாணவரின் குவியம் பின்னே விழுந்தமையால் கழித்தல் பக்கம் சில படிகள் நகர்த்தினோம்; மீண்டும் பத்துப் படங்கள் எடுத்து உறுதிசெய்தோம். இத்திருத்தம் அந்தக் காமிராவுக்கும் அந்த லென்சுக்கும் மட்டுமே உரியது. வேறு லென்சுக்குத் தனியே சோதிக்க வேண்டும். திருத்தும் வசதி இல்லாத காமிராவாயின் பழுதுபார்ப்பவரை நாடுதல் நன்று.

கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களில் படம் விழும் சென்சாரே குவியத்தையும் அளக்கிறது. இரு வழி ஒருவழி ஆனதால் இப்பிழையும் பெரிதும் நீங்கியது. ஆயினும், பாடம் பழையதாகிவிடவில்லை. உங்கள் ஆய்வுக்கூடத்துத் தராசும் வெப்பமானியும் இதே கேள்வியைக் கேட்கின்றன. ஒரு கருவி ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தருவதால் மட்டும் அவ்விடை சரியாகிவிடாது. அறிந்த ஒன்றின்முன் அதனை நிறுத்திப் பாருங்கள், பிழையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் நம்புங்கள்.