ஆயிரம் மைலுக்கு முந்திய இரவு

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, அபிராமபுரத்தில் நமது எதிர்வீட்டு வாலிபர் ஒரு காகிதத்துடன் வந்து நின்றார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறாராம். புறப்படும் நேரத்தையும் மீட்டர் காட்டும் எண்ணையும் பார்த்து நாம் சாட்சிக் கையொப்பம் இட வேண்டுமாம். வக்கீல் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் நமக்கு இல்லையாதலால், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். 24 மணி நேரத்திற்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டி முடித்தால் அமெரிக்காவிலுள்ள ஒரு சங்கம் நற்சாட்சிப் பத்திரம் அளிக்கிறது. 11 நாளில் 11,000 மைல் ஓட்டும் பந்தயத்துக்குப் பேர்போன ‘அயர்ன் பட்’ சங்கம் அது. அப்பந்தயம் முதன்முதல் நடந்தது 1984-ல். (பெயரைத் தமிழ்ப்படுத்த இப்பத்திரிகையின் கண்ணியம் இடங்கொடாது. நெடுநேரம் ஆசனத்தில் அமர்பவனுக்கு எந்த அவயவம் இரும்பாயிருத்தல் நலம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.) அச்சங்கத்தில் சேர ஆயிரம் மைல்தான் முதற்படி. பெட்ரோல் போடும் இடந்தோறும் ஊரும் நேரமும் அச்சிட்ட ரசீது அத்தாட்சியாகும். நமது நண்பர் பெங்களூர், சித்ரதுர்க்கா, ஹூப்ளி வழியாக பெல்காம் வரை சென்று வந்த வழியே திரும்பத் திட்டமிட்டிருந்தார். கணக்குக்குச் சற்று மேலாகவே வரும்.

அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் போய்ப் பார்த்தோம். ஆயத்தங்கள் அமோகமாக நடந்துகொண்டிருந்தன. புதுச் செயின் மாட்டியாகிவிட்டது. உபரியாக ஒரு கிளட்ச் கேபிள், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், சிறு பம்பு, ஃப்யூஸ், மழைச் சட்டை, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், கடலைமிட்டாய் எல்லாம் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. இவற்றில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அன்று மாலைதான் வாங்கிவந்த இரு விளக்குகளுக்கு அவர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அதுவரை ஒழுங்காக ஒலித்துவந்த ஹாரன் மட்டும் ஊமையாகிவிட்டது. “நாலு மணிக்குள் சரிசெய்துவிடுவேன், ஸார்” என்றார். பிரயாணத்துக்குச் சற்று முன்னர் வண்டியில் புதிதாக எதையும் பொருத்தாதீர்கள், பழுதுபார்ப்பதையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள் என்று அந்த அமெரிக்கச் சங்கமே தன் அங்கத்தினர்களுக்கு எச்சரிக்கை செய்திருக்கிறது.

நாம் முகம் சுளிப்பதைக் கண்ட வாலிபர், “டக்கார் பந்தயத்துக்கு நம்மவர்கள் போகவில்லையா?” என்றார். போனார்கள். ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம், ஐரோப்பாவின் ஷெர்கோவுடன் கூடி 2015 முதல் அப்பந்தயத்தில் இறங்கியது. அதன் ஓட்டி அரவிந்த் 2017-லும் 2018-லும் பாதியில் விலக நேர்ந்து, 2019-ல் பெரு நாட்டு மணலில் 37-வதாக வந்து சேர்ந்தார். ஷொரணூர் ஹரித் நோவா 2024-ல் 11-வது இடம் பெற்றார். அவரே மறு ஆண்டு தொடக்க ஓட்டத்திலேயே காயமுற்று விலகினார். ஆண்டு முழுதும் செய்த ஆயத்தத்துக்கும் அவ்வளவுதான் உத்தரவாதம். ஆயினும் அங்கே ஒரு பேதம் உண்டு. அந்த முகாமில் இரவு முழுவதும் விழித்து ஸ்பானரைப் பிடிப்பவர் மெக்கானிக். ஓட்டி போய்ப் படுத்துக்கொள்கிறார். அபிராமபுரத்தில் இருவரும் ஒருவரே.

ஆகவே சிறிது குறுக்கு விசாரணை செய்தோம். காலையில் எழுந்தது எத்தனை மணிக்கு? ஆறு மணிக்கு. பகலில்? ஆபீஸ். அப்படியானால் நாம் பேசிக்கொண்டிருந்த போதே அவர் விழித்து 17 மணி நேரமாகிவிட்டது, புறப்படும்போது 22, திரும்பி வீட்டுப்படி ஏறும்போது 46.

இந்தப் பதினேழு என்ற எண் அற்பமானதன்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவனுடையவை போலத் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் கண்டு வெளியிட்டார்கள். நமது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராமே. குடித்தவனைப் பிடிக்க போலீஸாரிடம் ஊதும் கருவி உண்டு. உறக்கமில்லாதவனைப் பிடிக்க ஒரு கருவியும் இல்லை.

வழியில் உறங்கிக்கொள்ளலாமே என்றால், கணக்கு இடங்கொடுக்கவில்லை. நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோமீட்டர் என்று 2018-ல் மத்திய சர்க்கார் உச்ச வேகம் குறித்தது. (அந்த அறிவிக்கையையே வேகம் மிகுதி என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தனிக் கதை.) அந்த எண்பதிலேயே இம்மியும் தளராமல் ஓட்டினாலும் 20 மணி நேரம் ஆகிறது. எஞ்சிய நான்கு மணிக்குள் பெட்ரோல், ஆகாரம், பெங்களூர் நெரிசல், சாலையைக் கடக்கும் மாடுகள் எல்லாம் அடங்க வேண்டும். சட்டத்தை மீறினால்தான் தூங்க நேரம் கிடைக்கும் என்ற விசித்திரமான நிலைமை! எனவே தூக்கம் முழுவதையும் புறப்படுவதற்கு முன்பே சேமித்துக்கொண்டாக வேண்டும்.

சாகசத்தை நாம் இகழவில்லை. நாமும் ஒரு காலத்தில் சைக்கிளில் மகாபலிபுரம் போய் வந்து இரண்டு நாள் படுத்திருந்தவர்களே. ஆனால் சர்க்கார் கணக்கின்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் சேருவதற்கு நமது கையொப்பம் வேண்டாம் என்று சொன்னோம்.

வாலிபருக்குக் கோபம் வந்தது. லீவு வாங்கியாகிவிட்டது, வேலூரில் நண்பர் ஒருவர் காத்திருப்பார் என்றெல்லாம் வாதாடினார். பிறகு அந்த நண்பருக்கே டெலிபோன் செய்தார். அவரும் அப்போது தம் வண்டிக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தாராம்! சற்று நேரம் இருவரும் சிரித்த சத்தம் நமக்குக் கேட்டது.

பிரயாணம் இரண்டு வாரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஹாரன் இப்போது ஒலிக்கிறது. தெரு முழுவதும் அதை அறியும். சாட்சிப் பத்திரம் தேதியிடப்படாமல் நமது மேஜைமீது கிடக்கிறது. முந்திய இரவு ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டே கையொப்பமிடுவோம் என்று சொல்லியிருக்கிறோம்.